ஏஞ்சல் மீன் முட்டைகள் முழுவதும் வெண்மையாவது ஏன்?

கேள்வி: நெல் சாகுபடியோடு, வீட்டில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் ஒரு ஜோடி ஏஞ்சல் மீன்கள் வளர்க்கிறேன். போர்வெல் தண்ணீர்தான் விடுகிறேன். அடிக்கடி முட்டையிடுகின்றன, ஆனால் இரண்டே நாளில் எல்லா முட்டைகளும் வெள்ளையாகிவிடுகின்றன. பூஞ்சை மருந்து ஊற்றியும் பயனில்லை. என்ன செய்யலாம்?
- விவசாயி, திருத்துறைப்பூண்டி வட்டம்

பதில்: முட்டைகள் ஒன்றுவிடாமல் வெளுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பூஞ்சை பெரும்பாலும் கருக்கூடாத முட்டையில் முதலில் பிடித்து, பிறகே பக்கத்து முட்டைகளுக்குப் பரவும் என்பதால், உங்கள் தொட்டியில் முட்டைகள் கருக்கூடவே இல்லை என்று கருதுகிறேன். கருக்கூடிய முட்டை தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும்.

முதலில், அது உண்மையிலேயே ஆண், பெண் ஜோடிதானா என்று பாருங்கள். ஆண் துணை இல்லாதபோது இரண்டு பெண் மீன்களே இணைந்து, இலையையோ குழாயையோ வாயால் சுத்தம் செய்து, இரண்டுமே முட்டையிடுவது இந்த மீனில் சகஜம். தலையின் வடிவை வைத்து ஆண், பெண் சொல்வதை நான் நம்புவதில்லை. முட்டையிடும் வேளையில் அடிவயிற்றில் வெளியே நீளும் சிறு குழல் மெலிந்து கூராக இருந்தால் ஆண், தடித்து மழுங்கலாக இருந்தால் பெண்.

ஜோடி சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் தண்ணீர்தான். அமேசான் ஆற்றுப் படுகையின் மென்னீரில், அதாவது சுண்ணாம்பு போன்ற உப்புகள் குறைந்த நீரில், தோன்றிய இனம் இது. டெல்டாவின் கடைமடைப் பகுதிகளில் பல போர்வெல்களின் நீர் உப்பும் கடினமுமாக இருக்கிறது. வளர்ந்த மீன்கள் அதற்குப் பழகிவிடும், ஆனால் முட்டை கருக்கூடுவதும் பொரிப்பதும் பாதிக்கப்படும். வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் சோதனைப் பெட்டியால் கடினத்தன்மையை அளந்துவிட்டு, ஐப்பசி, கார்த்திகை மழையில் முதல் மழையை விட்டுவிட்டுச் சுத்தமான மொட்டைமாடியில் பிடித்த நீரை, ஒரு தடவைக்குக் கால் பங்குக்கு மிகாமல் சிறிது சிறிதாகக் கலந்து வாருங்கள். வாய்க்கால் தண்ணீர் மென்மையானது என்று அதை ஊற்றிவிட வேண்டாம். வயலில் தெளித்த பூச்சிமருந்தின் எச்சம் அதில் வரக்கூடும். மருந்தடித்த கையைத் தொட்டிக்குள் விடுவதும் கூடாது.

இதன் பிறகு தெளிவான முட்டைகள் கிடைத்தால், பெற்றோர் தின்றுவிடாதபடி, முட்டை ஒட்டிய குழாயை அதே தொட்டி நீர் நிரப்பிய வேறு தொட்டிக்கு மாற்றி, காற்றுக்குமிழி அருகில் எழும்படி வைத்து, நீர் வெளிர்நீலமாகும் அளவுக்கு மட்டும், பூஞ்சையைத் தடுக்கும் மெத்திலீன் நீலம் என்ற சாய மருந்தை விடலாம். 28 டிகிரி வெப்பத்தில் ஏறத்தாழ இரண்டரை நாளில் பொரிக்கும். குஞ்சுகள் நீந்தத் தொடங்க மேலும் 5 நாள்வரை ஆகும். அதுவரை வயிற்றிலுள்ள மஞ்சள் கருவே உணவாவதால் தீவனம் எதுவும் போடாதீர்கள். நீந்தத் தொடங்கியதும் அப்போது பொரித்த ஆர்ட்டீமியாவை (உப்புநீரில் வளரும், இறால் போன்ற நுண்ணுயிர்) உப்புநீர் போக அலசிக் கொடுங்கள்.