புயல் நாளில் மகள் வார்டில் இருந்தால்?

வணக்கம் அம்மா. தெர்மினால் (பள்ளியின் கடைசி வகுப்பு) படிக்கும் மகள் நர்சிங்தான் படிப்பேன் என்கிறாள், நீங்கள் கரான்ஸ் புயலை நினைத்து வேண்டாம் என்கிறீர்கள். "ஊதா எச்சரிக்கை போட்டால் ஆஸ்பத்திரியிலேயே மாட்டிக்கொள்வாளே" என்று கேட்டிருக்கிறீர்கள். மாட்டிக்கொள்வாள். இதில் உங்களுக்குப் பொய்யாக ஆறுதல் சொல்ல மாட்டேன். நம் ரீயூனியன் தீவில் சிவப்பு எச்சரிக்கை வந்தாலே மக்கள் வெளியே போகக்கூடாது. ஊதா வந்துவிட்டால் மீட்புப் படையினர்கூட உள்ளேதான் இருக்க வேண்டும். 2025 பிப்ரவரி 28 அன்று கரான்ஸ் வந்தபோது நாம் எல்லோரும் அதைப் பார்த்தோம். காற்று உச்சத்தில் இருக்கும்போது மாற்று ஆள் வர வழியில்லை, உள்ளே இருக்கும் நர்ஸ்கள்தான் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

ஆனால் அதற்குப் பிறவியிலேயே தைரியசாலியாக இருக்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். இது சொல்லிக்கொடுத்துப் பழக்கும் வேலை. செயிண்ட்-தெனியிலும் செயிண்ட்-பியேரிலும் உள்ள இஃப்சியில் (நர்சிங் பயிற்சி நிறுவனம்) படிப்பு மூன்று வருடம். அதில் ஏறத்தாழ பாதி வார்டுகளில் பயிற்சியாகவே போகும். ஏ.எஃப்.ஜி.எஸ்.யூ. இரண்டாம் நிலை என்ற 21 மணி நேர அவசர சிகிச்சைப் பயிற்சியும் உண்டு. இதயம் நின்றவருக்கு முதலுதவி செய்வதோடு, ஒரே நேரத்தில் பலர் அடிபட்டு வரும் பேரிடரில் எப்படிச் செயல்படுவது என்பதையும் அதில் படிப்பார்கள். அந்தச் சான்றிதழை நான்கு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆஸ்பத்திரிகளுக்கும் 'பிளான் பிளாங்' என்று ஒரு அவசரத் திட்டம் இருக்கிறது. விடுப்பில் உள்ளவர்களைக் கூப்பிடுவது, காத்திருக்கக்கூடிய ஆபரேஷன்களைத் தள்ளிவைப்பது எல்லாம் அதன்படி நடக்கும்.

அன்றாட வேலையில் இது எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கரண்ட் போய்விட்டது, வீட்டில் ஒரு தாத்தாவின் ஆக்ஸிஜன் இயந்திரம் நின்றுவிட்டது. பக்கத்தில் 5 லிட்டர் சிலிண்டர், அளவுமானி 200 பார் காட்டுகிறது. ஐந்தை இருநூறால் பெருக்கினால் ஏறத்தாழ 1000 லிட்டர் வாயு. நிமிடத்துக்கு 3 லிட்டர் போனால் ஐந்தரை மணி நேரம் வரும், அதிலும் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும். புயலுக்கு முந்தைய நாளே இந்தக் கணக்கைப் போட்டு, இரண்டாவது சிலிண்டருக்குச் சொல்லி வைப்பவள்தான் நல்ல நர்ஸ். உங்கள் மகளுக்கு இப்படி முன்கூட்டி யோசிக்கும் பழக்கம் இருக்கிறதா என்று கவனித்துப் பாருங்கள். ரத்தத்தைக் கண்டால் பயமா என்பதைவிட எனக்கு இதுதான் முக்கியம். பயம் பழகப் பழகப் போய்விடும்.

பேரிடர் என்றால் காற்றும் மழையும் மட்டும் இல்லை. 2005-06 சிக்குன்குனியாவில் தீவில் மூன்றில் ஒருவருக்கு மேல் படுத்தார்கள். அப்படியொரு காலத்தில் நர்ஸுக்கும் காய்ச்சல் வரும், வார்டில் ஆள் குறையும், கூட்டமோ வாரக்கணக்கில் குறையாது. ஒருநாள் புயலைவிட இதைத் தாங்குவது கடினம் என்பது என் கருத்து. தூக்கம், சாப்பாடு, ஓய்வு இவற்றில் ஒழுங்கில்லாத பிள்ளை இதில் சீக்கிரம் தளர்ந்துவிடும். அதை இப்போதே சரிசெய்யுங்கள்.

அப்புறம், வீடு. ஆஸ்பத்திரியில் இருப்பவளுக்கு வீட்டுக் கவலை இருந்தால் கை ஓடாது. புயல் காலம் தொடங்கும் நவம்பர் பிறக்கும்போதே பாட்டியின் மாத்திரை, தண்ணீர், டார்ச், பேட்டரி எல்லாம் தயாராக இருக்கட்டும். யார் வீட்டில் தங்குவது என்றும் பேசி முடிவு செய்யுங்கள். இது உங்கள் பங்கு, அம்மா.

பார்கூர்சுப்பில் (மேல்படிப்புக்கு விண்ணப்பிக்கும் அரசு இணையதளம்) விருப்பங்களை ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை பதியலாம். அதில் கேட்கும் கடிதத்தில் "சேவை செய்யப் பிடிக்கும்" என்று எல்லோரும் எழுதுவார்கள். இவள் கரான்ஸ் அன்று உங்கள் தெருவில் யாருக்கு என்ன தேவைப்பட்டது, தான் என்ன செய்தாள் என்று நேராக எழுதட்டும். இஃப்சியை வெளியாட்கள் வந்து பார்க்கும் திறந்த நாளுக்கு நீங்களும் கூடப் போங்கள். பேரிடர் ஒத்திகை வருடத்தில் எப்போது நடக்கும், மாணவர்களுக்கு அதில் என்ன வேலை தருவார்கள் என்று அங்கேயே கேளுங்கள்.