தகடூர் அரசருக்கு என்ன பட்டம்? மாற்று வரலாறு எழுதும் வாசகருக்கு ஒரு பதில்

பாலக்கோட்டில் இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். 1565-ல் தலைக்கோட்டைப் போரில் விஜயநகரம் தோற்கவே இல்லை, உடையாமல் பல நாடுகள் சேர்ந்த கூட்டுப் பேரரசாக மாறி 1900 வரைக்கும் வந்துவிட்டது, அதில் தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் சேர்ந்து, தர்மபுரியின் பழைய பெயரான தகடூர் என்று ஒரு நாடு. இதுதான் அவர் எழுதும் கதை. "தகடூரை ஆள்பவரை டியூக் என்றால் தமிழில் ஒட்டவில்லை, சிற்றரசர் என்றால் மட்டம் தட்டுவது போல இருக்கிறது, மகாராஜா என்றால் மேலே இருக்கிற பேரரசரை என்ன சொல்வது? அவர் மனைவி, மகன், அக்காவை எல்லாம் எப்படி அழைப்பார்கள்?" இவ்வளவுதான் கேள்வி.

முதலில் டியூக்கை விட்டுவிடுங்கள். அதற்குத் தமிழில் சரியான சொல் தேடிக்கொண்டிருப்பதும் வேண்டாம், நம் பக்கத்துப் படிக்கட்டே வேறு. நீங்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: இந்த நாடு அவர் கைக்கு எப்படி வந்தது, அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள யாருக்கு உரிமை? இது தெளிவானால் பட்டம் தானாக வந்து உட்காரும்.

ராயர், அதாவது விஜயநகரப் பேரரசர், கொடுத்த நாடு என்றால் அவர் நாயக்கர். படை வைத்துக் கொடுப்பதற்குக் கைம்மாறாக அமரமாக வந்த நிலம், ராயர் நினைத்தால் ஆளை மாற்றலாம். பேரரசின் வீட்டுப் பிள்ளை ஒருவரை அனுப்பி ஆளவைத்திருந்தால் உடையார். மதுரை வரைக்கும் படை நடத்திய குமார கம்பணரை நம் கல்வெட்டுகள் கம்பண உடையார் என்றுதான் சொல்கின்றன. பாட்டன் பூட்டன் காலத்தில் இருந்தே சொந்த நாடு, பேரரசை மேலே ஏற்றுக்கொண்டு உள்ளே வந்தவர் என்றால் மகாமண்டலேசுவரர்.

இந்தக் கடைசிச் சொல்லைச் சின்னதாக நினைக்காதீர்கள். விஜயநகரத்தை நிறுவிய ஹரிஹரரும் புக்கரும் தங்களுக்குப் போட்டுக்கொண்ட பட்டம் அதுதான். நாடு கைக்கு வந்த பிறகும் மகாமண்டலேசுவரராகவே இருந்தார்கள், மகாராஜாதிராஜ ராஜபரமேஸ்வர என்பது இரண்டாம் ஹரிஹரர் காலத்தில்தான் வருகிறது. அதாவது பலம் முதலில் வரும், பட்டம் ஒரு தலைமுறை கழித்து மெதுவாக வரும். உங்கள் கதையில் தகடூர்க்காரர் பேரரசரை விடப் பணக்காரராகவே இருக்கலாம், ஆனால் பட்டத்தை மாற்றினால் அது கலகம் என்று எல்லோருக்கும் புரியும்.

நான் எழுதினால் ஓலையிலும் செப்பேட்டிலும் மகாமண்டலேசுவரர் என்று வைத்து, சந்தையிலும் கோயிலிலும் ஜனங்கள் வாயில் உடையார் என்று விடுவேன். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் கேட்கிற ஊர் ஓசூர், அங்கே அதையே ஒடெயர் என்பார்கள். மைசூர் அரச குடும்பமும் அந்தப் பழைய பெயரை விடாமல்தான் வளர்ந்தது.

மேல் கீழ் வரிசையை எப்படி எழுதுவது என்று குழப்பம் வந்தால் ஒரு நடுகல் முன்னால் போய் நில்லுங்கள். தர்மபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். எனக்கு மறக்கவே முடியாதது செங்கம் பக்கத்து எடுத்தனூர்க் கல். கோவிசைய என்ற அடைமொழியோடு மகேந்திர பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு முதலில் வருகிறது, அடுத்து வாணகோ அரைசர், அப்புறம் அவருக்குக் கீழே பொற்றொக்கையார், அப்புறம்தான் எருமைக் கூட்டத்தைக் காக்கப் போய்ச் செத்த கருந்தேவக்கத்தி, கடைசியில் கள்ளர்களைக் கடித்த கோவிவன் என்ற நாய். ஒரே கல்லில் பேரரசன் தொடங்கி நாய் வரைக்கும்! கோவிசைய மேலே இருப்பவனுக்கு மட்டும், நடுவில் இருப்பவர் வெறும் அரைசர். உங்கள் கதையில் வரும் அரசு ஆணைகளுக்கும் இதே வரிசையை வையுங்கள், யார் யாருக்குக் கீழே என்று தனியாக விளக்கவே வேண்டியிருக்காது.

சரி, பேரரசர். அவரை ராயர் என்றே எழுதுங்கள், சக்கரவர்த்தி வேண்டாம், அது சோழர் பிற்காலத்துத் திரிபுவன சக்கரவர்த்தியை நினைவுபடுத்தும். ராயர்களின் பட்ட வரிசையில் உங்களுக்காகவே செய்து வைத்தது போல ஒன்று இருக்கிறது: பாஷைக்குத் தப்புவராய கண்டன். கொடுத்த வாக்கைத் தவறும் அரசர்களைத் தண்டிப்பவன் என்று பொருள். கூட்டுப் பேரரசு என்பதே நாடுகள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட வாக்குதானே, ஆகவே அந்தப் பழைய புகழ்மொழி உங்கள் 1900-ல் சட்டப் பிரிவாகவே ஆகியிருக்கும். விலகப் பார்க்கும் நாட்டின் மேல் படை அனுப்ப ராயருக்கு அதிகாரம் உண்டா இல்லையா என்று வழக்காடுபவர்கள் இந்த ஒரு சொற்றொடரை வைத்துத்தான் வாதாடுவார்கள். இன்னொரு பட்டம் மூவராய கண்டன், மூன்று அரசர்களை அடக்கியவன். இதைச் சேர சோழ பாண்டியர் என்று எடுத்துக்கொண்டால் மதுரையும் தஞ்சையும் அந்தச் சொல் இருக்கிற ஓலையில் முத்திரை வைக்குமா?

இது கற்பனைக்காகச் சொல்வதில்லை, நடந்திருக்கிறது. 1871 ஜனவரி 18 அன்று வெர்சாய் அரண்மனையில் பிரஷ்ய அரசர் வில்ஹெல்முக்குப் பேரரசர் பட்டம் கட்டினார்கள். அவருக்கு "ஜெர்மனியின் பேரரசர்" என்று வேண்டும், அவருடைய முதலமைச்சர் பிஸ்மார்க் "ஜெர்மன் பேரரசர்" என்பதற்கு மேல் போகவில்லை. ஏனென்றால் பவேரியா, சாக்சனி, வூர்ட்டம்பர்க் மூன்றிலும் தனித்தனி அரசர்கள் இருந்தார்கள், ஜெர்மனியின் என்று சொன்னால் அவர்கள் மண்ணும் அவருடையது என்று ஆகிவிடும். வாழ்த்துச் சொல்ல வேண்டிய, பாடன் என்ற இன்னொரு ஜெர்மன் நாட்டின் ஆட்சியாளர் இரண்டையும் தவிர்த்துப் பேரரசர் வில்ஹெல்ம் வாழ்க என்று முழங்கிச் சமாளித்தார். ஒரு வேற்றுமை உருபுக்கு இவ்வளவு சண்டை. உங்கள் கதையிலும் தென்னாட்டு ராயரா, தென்னாட்டின் ராயரா என்று ஒரு அத்தியாயமே எழுதலாம்.

பரம்பரைப் பேரரசர் வேண்டாம், முறை வைத்து மாறட்டும் என்றால் மலேசியாவைப் பாருங்கள். 1957 முதல் ஒன்பது மாநில ஆட்சியாளர்கள் தங்களுக்குள் ஒருவரை ஐந்தாண்டுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள், அங்குள்ள தமிழர்கள் மாமன்னர் என்கிறார்கள். தேர்வானவர் சொந்த மாநிலத்துக்கு வேறொருவரைப் பொறுப்பு வைத்துவிட்டுத்தான் போவார். தகடூர் உடையார் ஐந்து வருஷம் ராயராகப் போனால் ஊரில் யார் உட்காருவது? அங்கேதான் அக்கா வருவார்.

அக்காவுக்குப் பட்டமே தேட வேண்டாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் தான் கொடுத்ததைச் சொன்ன கையோடு "அக்கன் குடுத்தனவும்" என்று பொறித்திருக்கிறான். அவ்வளவு பெரிய அரசனின் ஆவணத்தில் குந்தவை வெறும் அக்கன்! அந்த ஒரு சொல்லில் இருக்கிற மரியாதை வேறு எந்தப் பட்டத்திலும் இல்லை என்பது என் எண்ணம். வெளியார் பேசும்போது பிராட்டியார் என்று வையுங்கள். ஆட்சியைக் கவனிக்கும் பெண் என்றால் சன்னிதானம் நன்றாகப் பொருந்தும். மைசூரில் 1895 முதல் 1902 வரை மகனுக்காக ஆண்ட ராணியை வாணி விலாச சன்னிதானம் என்றுதான் சொன்னார்கள். மனைவிக்கு நம்பிராட்டியார். மகனைப் பொறுத்தவரை சோழர் வழக்கு பிள்ளையார், ஆனால் இன்று படிப்பவருக்கு விநாயகர்தான் நினைவுக்கு வருவார், ஆகவே பெயருக்கு முன்னால் குமார போதும்.

முதலாம், இரண்டாம் என்று எண் போடாதீர்கள், அது பிற்கால வரலாற்றாசிரியர்கள் தங்கள் வசதிக்கு வைத்தது. நம் எல்லைப் பக்கத்துக்கு இம்மடி, மும்மடி, நால்வடி இருக்கிறது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் என்றால் அந்தப் பெயரில் நான்காமவர்.

எடுத்துவிட வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் வரைவில் ஹிஸ் ஹைனஸும் பீரங்கி மரியாதையும் வருகின்றன. ஹைதராபாத், மைசூர், பரோடா, குவாலியர், காஷ்மீருக்கு 21 குண்டு, திருவிதாங்கூருக்கு 19 என்று தரம் பிரித்தது பிரிட்டிஷார். 1792-ல் திப்புவிடம் இருந்து நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதியான பாராமகாலை அவர்கள் வாங்காத உலகம் உங்களுடையது, அங்கே இந்தக் கணக்கே பிறந்திருக்காது. மகாராஜா என்ற சொல் நம் காதில் அந்தக் கணக்கோடு கலந்துதான் ஒலிக்கிறது, அதனால்தான் அதையும் தவிர்க்கச் சொல்கிறேன்.

சங்க காலத்தில் தகடூரை ஆண்ட அதியமானின் வாரிசு என்று உங்கள் உடையாரை உரிமை கோர வைத்திருக்கிறீர்கள், மிக நல்ல இடம் அது. அசோகர் பாறையில் வெட்டிய தன் ஆணையில் சோழ, பாண்டிய, கேரளபுத்திரரோடு சதியபுத்திரரையும் எல்லைக்கு வெளியே இருப்பவராகத்தான் சொல்கிறார். ஜம்பைக் கல்வெட்டில் "ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி" என்று இருப்பதால்தான் அந்தச் சதியபுத்திரர் நம் அதியமான் என்று உறுதியானது. ஆனால் அந்தக் கல்வெட்டு தெரியவந்தது 1981-ல், உங்கள் கதை 1900-ல். ஒன்று, யாராவது முன்கூட்டியே அதைக் கண்டுபிடிக்க வேண்டும், அல்லது பிற்காலத்து விடுகாதழகிய பெருமாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். சோழருக்குக் கீழே தகடூரில் இருந்துகொண்டே போளூர்ப் பக்கத்துத் திருமலையில் தன்னைச் சேர மரபு, அதியன் வழி என்று பொறித்தவர், பெயரில் பெருமாளும் இருக்கிறது.

கடைசியாகக் கையொப்பம். விஜயநகரச் செப்பேடுகளின் அடியில் ராயர் தன் பெயரை எழுதுவதில்லை, மேலே வாசகம் நந்திநாகரி எழுத்தில் இருந்தாலும் கீழே கன்னட எழுத்தில் ஸ்ரீ விரூபாக்ஷ என்று குலதெய்வத்தின் பெயர்தான் இருக்கும். உங்கள் உடையாரும் அப்படியே கையெழுத்திடட்டும். தர்மபுரி கோட்டைக் கோயில் இறைவன் பெயரில் ஸ்ரீ மல்லிகார்ஜுன என்று வைக்கலாம். தமிழ் எழுத்திலா கன்னட எழுத்திலா என்பதை மட்டும் எழுத உட்காருவதற்கு முன்னாலேயே முடிவு செய்துகொள்ளுங்கள், ஓசூரும் பாலக்கோடும் அதைப் பார்த்துத்தான் இவர் யார் பக்கம் என்று சொல்லும்.