கார்டுக்காரர் போய்விட்டார், பாக்கி யார் தலையில்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

என் கணவர் இரண்டு மாதத்துக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டார். கிரெடிட் கார்டில் 2,40,000 ரூபாய் பாக்கி. "மனைவி நீங்கதான் கட்டணும்" என்று தினமும் போன். எனக்கு வேலை கிடையாது, வாடகை வீடு. கட்டித்தான் ஆகவேண்டுமா?

உங்கள் கைப்பணத்திலிருந்து ஒரு ரூபாய்கூடக் கட்டவேண்டியதில்லை. கிரெடிட் கார்டு என்பது பெரும்பாலும் ஜாமீனும் அடமானமும் இல்லாத கடன். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர் ஒருவர்தான். மனைவி என்கிற ஒரே காரணத்துக்காக அது உங்கள் கடனாகிவிடாது. அதற்காகக் கடன் அவரோடு போய்விட்டது என்றும் அர்த்தமில்லை. அவர் பெயரில் விட்டுப்போன சொத்திலிருந்து வங்கி கேட்கலாம். அந்தச் சொத்து வாரிசின் கைக்கு எவ்வளவு வந்ததோ, அந்த அளவுக்குத்தான் வாரிசு பொறுப்பு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு சொல்வது இதைத்தான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அவருடைய சேமிப்புக் கணக்கில் 58,000 ரூபாய், பழைய பைக்கை விற்றால் 32,000. ஆக 90,000. காரியச் செலவு 35,000, ஆஸ்பத்திரியின் கடைசி மாத பில் 25,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கடனுக்கும் முன்பாக இந்த இரண்டும்தான் போகவேண்டும் என்கிறது 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 320-ஆவது பிரிவு. மிச்சம் 30,000. கார்டு கம்பெனிக்கு அதிகபட்சம் இவ்வளவுதான். அவருக்கு 3,60,000 ரூபாய் பர்சனல் லோனும் இருந்தால், இந்த முப்பதாயிரத்தைக் கடன் அளவுக்கு ஏற்ப வீதம் பிரிக்கவேண்டும்: கார்டுக்கு 12,000, லோனுக்கு 18,000. அதிகமாகக் கத்துகிறவருக்கு முதலில் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

உங்கள் தாலி, பிறந்த வீட்டில் போட்ட நகை, உங்கள் பெயரில் உள்ள கணக்கு எதுவும் அவர் சொத்தில் சேராது.

போனில் இரண்டு தூண்டில் வரும். "இப்போதைக்கு ஒரு அஞ்சாயிரம் போடுங்கம்மா", "நான் கட்டுறேன்னு ஒரு லெட்டர் மட்டும் எழுதிக் குடுங்க." இரண்டையும் மறுத்துவிடுங்கள். பணக்கடனுக்கு வழக்குப் போடும் காலக்கெடு 3 வருடம். கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டால் அந்த நாளிலிருந்து 3 வருடம் புதிதாக ஓடத் தொடங்கும். "நான் கட்டுகிறேன்" என்று எழுதிவிட்டாலோ, இல்லாத பொறுப்பை நீங்களே இழுத்துப் போட்டுக்கொண்டதாக வாதாட அவர்களுக்கு ஒரு காகிதம் கிடைத்துவிடும்.

இறந்த முதல் வாரத்தில் கார்டு விஷயமாக என்னென்ன செய்யவேண்டும்? வரிசையாகச் சொல்லுங்கள்.

இறப்பை 21 நாளுக்குள் பதிவுசெய்யுங்கள். சான்றிதழில் பெயர், இனிஷியல், அப்பா பெயர் எல்லாம் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று வாங்கும்போதே சரிபாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் ஒவ்வொரு வங்கியிலும் அலையவைப்பார்கள். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மூலம் தாசில்தாருக்கு விண்ணப்பம் போடலாம். ஆனால் கார்டை நிறுத்த அதற்காகக் காத்திருக்கவேண்டாம், இறப்புச் சான்றிதழே போதும்.

கார்டை முடக்குவதற்கு முன்னால் கடைசி மூன்று ஸ்டேட்மெண்டை எடுத்து, தானாகப் பணம் போகும் இனங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். சினிமா பார்க்கும் ஆப் நின்றால் நஷ்டமில்லை. குடும்பத்துக்கே சேர்த்து எடுத்த மருத்துவக் காப்பீட்டின் பிரீமியம் அந்தக் கார்டில் போய்க்கொண்டிருந்தால்தான் ஆபத்து. தவணை தவறி பாலிசி காலாவதியான பிறகு, ஆஸ்பத்திரி வாசலில்தான் தெரியவரும். அதை உடனே வேறு கணக்குக்கு மாற்றுங்கள்.

அடுத்து கஸ்டமர் கேரில் சொல்லி கார்டை முடக்கிவிட்டு, அதையே மெயிலிலும் ஸ்பீடு போஸ்டிலும் எழுதுங்கள். கார்டின் கடைசி நான்கு எண் போதும், முழு எண்ணை எழுதாதீர்கள். கடிதத்தில் மூன்று கேட்கவேண்டும்: இறந்த தேதியன்று பாக்கி எவ்வளவு (அசல், வட்டி, ஜிஎஸ்டி, முடியாத இஎம்ஐ தனித்தனியாக); அந்தத் தேதிக்குப் பிறகு வட்டியும் தாமதக் கட்டணமும் போடக்கூடாது; கார்டோடு இன்சூரன்ஸ் ஏதும் உண்டா. தேதி ஏன் முக்கியம் என்றால், மாதம் 3.75 சதவீத வட்டி போடும் கார்டில் 2,40,000-க்கு ஒரு மாத வட்டி 9,000, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,620. மூன்று மாதம் சும்மா இருந்தால் முப்பதாயிரத்துக்கு மேல் ஏறிவிடும்.

சிம் கார்டைச் சில மாதம் உயிரோடு வைத்திருங்கள். எந்த வங்கியில் என்ன இருந்தது என்பது அதில் வரும் எஸ்எம்எஸ்ஸில்தான் தெரியும். ஆனால் அவர் ஏடிஎம் கார்டிலோ ஜிபேயிலோ பணம் எடுத்து கார்டு பாக்கியைக் கட்டாதீர்கள். பின் நம்பர் தெரியும் என்பதால் உரிமை வந்துவிடாது. நாளைக்கு மற்ற வாரிசுகள் கேட்டால் பதில் சொல்லவேண்டியவர் நீங்கள்.

அப்பா கார்டில் எனக்கு ஆட்-ஆன் கார்டு இருந்தது. காரியச் செலவுக்கு அதில்தான் 46,000 தேய்த்தேன். பிரச்சினை ஆகுமா?

ஆட்-ஆன் என்பது மூலக் கார்டோடு சேர்த்துக் குடும்பத்தாருக்குத் தரும் கூடுதல் கார்டு. அதில் அவர் உயிரோடு இருந்தவரை ஆன செலவு முழுக்க அவர் பொறுப்பு. மூலக் கார்டுக்காரர் இறந்ததும் உங்கள் கார்டுக்கும் ஆயுள் முடிந்தது. தெரிந்தே தேய்த்த 46,000-ஐ உங்கள் சொந்தச் செலவாகத்தான் வங்கி பார்க்கும். அந்தத் தொகையை மட்டும் தனியாகக் கட்டி, எதற்காகக் கட்டினீர்கள் என்று மெயிலில் தெரிவித்து, கார்டை ஒப்படைத்துவிடுங்கள். காரியச் செலவு பில்களை வைத்திருந்தால், நியாயமான அளவுக்கு அப்பாவின் சொத்திலிருந்து முதலில் கழித்துக்கொள்ளலாம்.

அம்மா இறந்துவிட்டார். அவருடைய கார்டு பாக்கியை, அதே வங்கியில் இருந்த அவருடைய சேமிப்புக் கணக்கிலிருந்து கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள். எடுக்கலாமா?

அம்மாவின் தனிப் பெயரில் இருந்த கணக்கு என்றால் பெரும்பாலும் எடுக்கலாம். கார்டு வாங்கும்போது ஒப்புக்கொண்ட நிபந்தனைகளில் அந்த அனுமதி இருக்கும். எஃப்.டி.யைப் பிடித்துவைத்துக் கொடுத்த கார்டு என்றால் சந்தேகமே இல்லை, எஃப்.டி.யை உடைத்துக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். அப்பாவும் சேர்ந்த ஜாயிண்ட் கணக்கு என்றால் கதை வேறு. கடன் ஒருவருடையது, பணம் இருவருடையது. கிளை மேலாளரிடம் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்து, முத்திரை போட்ட நகல் வாங்குங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ஆர்பிஐ ஒம்பட்ஸ்மேனிடம் இலவசமாகப் புகார் செய்யலாம். தகவலுக்கு 14448.

பி.எஃப்., எல்ஐசி பணம் வரவேண்டியிருக்கிறது. கார்டுக்காரன் அதில் கைவைப்பானா?

பி.எஃப்.பில் கைவைக்க முடியாது. நாமினிக்குப் போகும் பி.எஃப். பணம் இறந்தவரின் கடனுக்குக் கட்டுப்படாது என்று பி.எஃப். சட்டத்திலேயே இருக்கிறது. குடும்ப ஓய்வூதியம் மனைவிக்கு உரியது, அதையும் தொட முடியாது.

எல்ஐசியில் கொஞ்சம் பார்க்கவேண்டும். 1874-ஆம் ஆண்டு திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுத்த பாலிசி முழுப் பாதுகாப்பு. கடன்காரர் கிட்டவே வர முடியாது. சாதாரண பாலிசியில் மனைவி, கணவர், பிள்ளை, பெற்றோர் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே உரியது என்கிறது 2015-இல் வந்த திருத்தம். தம்பியோ நண்பரோ நாமினி என்றால் அவர் வெறும் வாங்கிக் கொடுப்பவர்தான். பணம் இறந்தவரின் சொத்தில் சேரும், கடன் கொடுத்தவரும் அதில் கேட்கலாம்.

இந்தச் சாக்கில் அவர் பாஸ்புக்கில் மே மாதப் பக்கத்தைப் பாருங்கள். 436 ரூபாய் பிடித்திருந்தால் பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு, 20 ரூபாய் என்றால் விபத்துக் காப்பீடு. ஒவ்வொன்றும் 2 லட்சம். கேட்காமலே விட்டுவிடும் குடும்பங்கள் நிறைய.

அப்பா பட்ட கடனைப் பிள்ளை தீர்க்கவேண்டியது தர்மம் என்று பெரியப்பா சொல்கிறார். சட்டமும் அப்படித்தானா?

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் 9.9.2005-இல் அமலுக்கு வந்தபின் வாங்கிய கடனுக்கு, "மகன் என்பதால் கட்டு" என்று எந்த நீதிமன்றமும் உத்தரவிட முடியாது. ஆனால் அப்பா பெயரில் வீடு இருந்து அது உங்களுக்கு வந்தால், அந்த வீட்டு மதிப்பு அளவுக்குப் பொறுப்பும் வரும்.

போலீஸ் வரும், உங்க சிபில் ஸ்கோர் போயிடும் என்று மிரட்டுகிறார்கள்.

கார்டு பாக்கி சிவில் விவகாரம், வாரிசைக் கைதுசெய்ய வழியே இல்லை. சிபில் ஸ்கோர் என்பது கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் மதிப்பெண். உங்கள் ஸ்கோர் உங்கள் பான் எண்ணில் ஓடுகிறது, அவருடைய பாக்கி அதில் ஏறாது. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7-க்குப் பின்னும் வசூல் ஏஜென்ட் போன் செய்யக்கூடாது. நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். இறந்தவர் பெயரிலேயே நோட்டீஸ் வந்தாலும் குப்பையில் போடாமல், இறப்புச் சான்றிதழ் நகலோடு பதில் அனுப்பிவிடுங்கள்.

வீடு இருக்கிறது, கடனை முடித்துவிடலாம் என்று நினைக்கிறோம். செட்டில்மெண்ட் எப்படிப் பேசுவது?

சொத்து இருக்கும்போது முடித்துவிடுவதே நல்லது. இறந்த தேதி அன்றைய தொகையிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள். அதற்குப் பிறகு ஏறிய வட்டி, கட்டணம்தான் முதலில் விட்டுக்கொடுக்கப்படும். ஏஜென்ட் வாய்ச்சொல் செல்லாது. வங்கியின் லெட்டர்ஹெட்டில் அல்லது வங்கியின் சொந்த மெயிலில் தொகை, கடைசித் தேதி, கார்டின் கடைசி நான்கு எண் மூன்றும் வந்த பிறகே பணம் நகரவேண்டும். அதுவும் கார்டு கணக்குக்கு நேராக. ஏஜென்ட் நீட்டும் க்யூஆர் கோடுக்கு அல்ல. கட்டுகிறவர் "இறந்தவரின் சொத்திலிருந்து, வாரிசு என்ற முறையில்" என்று மெயிலில் எழுதிவிட்டுக் கட்டட்டும். கட்டியபின், பாக்கி இல்லை என்று சொல்லும் நோ டியூ கடிதம் கேட்டு வாங்குங்கள். அதில் "மீதித் தொகை நிலுவையில் இல்லை" என்ற வரி இல்லையென்றால் திருப்பி அனுப்பி மாற்றி வாங்குங்கள். அந்த வரி விட்டுப்போன கணக்குதான் இரண்டு வருடம் கழித்து வேறொரு வசூல் கம்பெனியின் பட்டியலில் மறுபடி முளைக்கும்.