வோல்டேஜும் கரண்டும் தெரிந்தால் தடையையும் வலுவையும் எப்படிக் கணக்கிடுவது? பல்பை மல்டிமீட்டரில் அளந்தால் மட்டும் ஏன் விடை பொருந்துவதில்லை?

முதல் பாதிக்கு ஒரு வரி போதும். வோல்டேஜைக் கரண்டால் வகுத்தால் தடை, இரண்டையும் பெருக்கினால் வலு. (இந்தியப் புத்தகம் வைத்துப் படிப்பவர்கள் வலு என்ற இடத்தில் திறன் என்று வாசித்துக்கொள்ளுங்கள், இரண்டும் ஒன்றுதான்.) வோல்ட்டை அம்பியரால் வகுத்தால் ஓம் வரும், பெருக்கினால் வாட் வரும். 12 வோல்ட், 2 அம்பியர் என்றால் 6 ஓம், 24 வாட். பரீட்சைக்கு இது போதும், ஆனால் எனக்கு இது உண்மையில் விளங்கியது பாடசாலையில் இல்லை, ஒரு கேத்தலால்.

இலங்கையில் ஹட்டன் பக்கம் எங்கள் லயத்தில் (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள்) எங்களுடையது கடைசிக் காம்பரா (அறை). டவுனில் ஒரு மின்கேத்தல் வாங்கி வந்தோம், அடியில் 230 வோல்ட், 1500 வாட் என்று ஒட்டியிருந்தது. பின்னேரம் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தால் கொதிக்கிற வழியைக் காணோம். விறகடுப்பே பரவாயில்லை என்று அம்மா சொல்லிவிட்டார். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நான் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். வயரிங் வேலை செய்யும் பெரியப்பா மகன்தான், "இரு தம்பி, அளந்து பார்த்துட்டுப் போய் சண்டை போடு" என்று கிளாம்ப் மீட்டரை (வயரைச் சுற்றி வளையம் மாட்டிக் கரண்டை அளக்கும் கருவி) கொண்டு வந்தார்.

கேத்தல் ஓடும்போது பிளக்கில் 182 வோல்ட்தான் இருந்தது, கரண்ட் 5.1 அம்பியர். (கிளாம்ப் மீட்டரின் வளையத்துக்குள் ஒரு வயர் மட்டும்தான் போகவேண்டும். இரண்டு வயரையும் சேர்த்துப் போட்டால் போகிற கரண்டும் வருகிற கரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூச்சியம் காட்டும். நான் முதலில் அப்படித்தான் போட்டுவிட்டு மீட்டர் பழுது என்றேன்.)

இப்போது கணக்கு. 182ஐ 5.1ஆல் வகுத்தால் ஏறக்குறைய 35.7 ஓம். அடியில் போட்டிருப்பதற்கு எவ்வளவு வரவேண்டும்? 1500ஐ 230ஆல் வகுத்தால் 6.52 அம்பியர், 230ஐ அந்த 6.52ஆல் வகுத்தால் 35.3 ஓம். கிட்டத்தட்ட அதேதான், ஆக கொயிலில் (சூடாகும் கம்பிச் சுருளில்) ஒரு குறையும் இல்லை. வலுவைப் பாருங்கள்: 182 தர 5.1, 928 வாட். 1500 எங்கே, 928 எங்கே! கடைக்காரர் பாவம்.

தடை கேத்தலுடைய சொத்து, அது பெரிதாக மாறாது. வலு அப்படி இல்லை, அந்த நேரம் லைனில் என்ன வோல்டேஜ் வருகிறதோ அதைப் பொறுத்தது, அதுவும் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. வோல்டேஜ் குறைந்தால் கரண்டும் சேர்ந்து குறைகிறது, இரண்டையும் பெருக்கும்போது அடி இரட்டிப்பாக விழுகிறது. வோல்டேஜில் ஐந்தில் ஒரு பங்குதான் போனது, வலுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலே போய்விட்டது. ஒன்றரை லீட்டர் தண்ணீர் ஐந்தரை நிமிடத்தில் கொதிக்க வேண்டியது ஒன்பது நிமிடம் எடுத்தது அதனால்தான். இத்தனைக்கும் எங்கள் உயரத்தில் 96 பாகையிலேயே தண்ணீர் கொதித்துவிடும்.

சரி, மீதி 48 வோல்ட் எங்கே போனது? வயரில். ட்ரான்ஸ்போமரிலிருந்து எங்கள் காம்பரா வரை வருகிற கம்பிக்கும் தடை உண்டு, ஆறு மணிக்கு எல்லா வீட்டு அயனும் கேத்தலும் இழுக்கிற கரண்ட் முழுவதும் அதன் வழியாகத்தான் வரவேண்டும். கரண்டைக் கம்பியின் தடையால் பெருக்கினால் வழியில் தொலைகிற வோல்ட் கிடைக்கும். இரவு பத்து மணிக்கு எல்லோரும் படுத்த பிறகு அதே பிளக்கில் 220க்கு மேல் காட்டியது. லக்சபான நீர்மின் நிலையத்தில் 1950இலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள், பக்கத்து மலையில் இருக்கிற எங்களுக்குப் பின்னேரமானால் பல்ப் மங்குகிறது, அது வேறு கதை. அங்கிருந்து கொழும்புப் பக்கம் போகும் பெரிய லைன்களில் 132,000 வோல்ட் வைத்திருப்பதும் இதே கணக்குக்காகத்தான்: வோல்டேஜைக் கூட்டினால் அதே வலுவைக் குறைந்த கரண்டில் அனுப்பலாம், கம்பியில் சூடாக வீணாவது கரண்டின் வர்க்கத்தோடு சேர்ந்து குறையும்.

கரண்டின் வர்க்கம் தர தடை, இதுவும் வலுதான். நாங்கள் அந்தக் கேத்தலை 5 அம்பியர் உருண்டைப் பின் பிளக்கில் செருகியிருந்தோம். பத்து மணிக்கு வோல்டேஜ் ஏறினால் கரண்டும் 6 அம்பியரைத் தாண்டும். பின் லூசாகி அந்த இடத்தில் வெறும் அரை ஓம் இருந்தாலும் 18 வாட்டுக்கு மேல் சூடு பிளக்குக்குள்ளேயே பிறக்கும். பிளாஸ்டிக் பழுப்பாகிப்போன பிளக் பார்த்திருப்பீர்களே, அதுதான். அண்ணன் அன்றைக்கே 13 அம்பியர் போட்டுத் தந்தார்.

இனி பல்ப். 230 வோல்ட், 60 வாட் இழை பல்பை எடுங்கள் (எல்ஈடி இல்லை, பழைய குண்டு பல்ப்). கணக்குப்படி 0.26 அம்பியர், ஏறக்குறைய 880 ஓம். கழற்றி மல்டிமீட்டரில் வைத்தால் அறுபது எழுபது ஓம்தான் காட்டும். உங்கள் கணக்கும் சரி, மீட்டரும் சரி. நீங்கள் அளந்தது குளிர்ந்த டங்ஸ்டன் இழையை. எரியும்போது அது இரண்டாயிரம் பாகைக்கு மேல் சூடாகி, தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். கேத்தல் கொயில் நிக்ரோம் (நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம்), சூட்டில் தடை அவ்வளவாக அசையாது, அதனால்தான் அங்கே கணக்கு பொருந்தியது. பல்ப் பெரும்பாலும் சுவிட்ச் போடுகிற நொடியில் பியூஸாவதற்கும் இதுதான் காரணம், குளிர்ந்த இழை முதல் கணத்தில் பத்து மடங்கு கரண்டை இழுக்கிறது.

அப்புறம், மோட்டார், ஃபேனில் வோல்டேஜைக் கரண்டால் பெருக்கினால் வருவது முழுவதும் வாட் இல்லை, பவர் ஃபெக்டரால் (வோல்டேஜும் கரண்டும் ஒன்றாக ஏறி இறங்காததைக் கணக்கில் எடுக்கிற, ஒன்றுக்குக் குறைந்த ஓர் எண்) இன்னொரு தடவை பெருக்க வேண்டும். கேள்வியில் 200 மில்லி அம்பியர் என்று கொடுத்திருந்தால் முதலில் 0.2 என்று மாற்றிவிட்டு வகுங்கள். என் தங்கை போன மாதம் மாற்றாமல் வகுத்துவிட்டு, டோர்ச் பல்புக்கு 0.015 ஓம் என்று எழுதி வைத்திருந்தாள்.