இரண்டாம் ஆண்டுக்கும் சேர்த்துக் கேளுங்கள்

கேள்வி: எங்கள் குடியிருப்புப் பகுதியில் எட்டுப் பேர் சேர்ந்து, மிஞ்சும் உணவைத் திரட்டி இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் ஓர் உணவு வங்கி தொடங்க முயல்கிறோம். அதையொட்டியே, மாலையில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கவும், முதியவர்கள் கூடிப் பேசவும், வேலை தேடுபவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக்கொடுக்கவும் ஒரு பொது இடம் வேண்டும் என்பது ஆசை. பூட்டிக் கிடக்கும் பழைய கிடங்கு ஒன்று குத்தகைக்குக் கிடைக்கிறது. நான்கு மாதங்களாக நன்கொடை கேட்டும் தேவையில் கால் பங்குதான் சேர்ந்திருக்கிறது. செல்வந்தர் ஒருவர் கட்டடச் செலவு முழுவதையும் தருவதாகச் சொல்கிறார். ஆனால் கட்டடத்துக்கு அவருடைய தந்தை பெயரை வைக்க வேண்டும். யாருக்கு உணவு கொடுப்பது என்று முடிவெடுக்கும் குழுவில் அவருடைய ஆள் ஒருவர் இருக்க வேண்டும். எங்களில் ஒருவர், உணவு வாங்க வருபவர்களின் படங்களைப் போட்டுக் கேட்டால் பணம் தானாக வரும் என்கிறார். எனக்கோ ஒருவரிடம் போய்ப் பணம் கேட்கவே நாக்கு எழவில்லை. என்ன செய்வது? (பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பியிருந்த செலவுத் திட்டத்தை இரண்டு முறை படித்தேன். கூரை, வண்ணப்பூச்சு, அலமாரிகள், குளிர்பதனப் பெட்டி என்று ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறீர்கள். திறப்பு விழாவுக்குக்கூட ஒரு வரி இருக்கிறது. திறந்த மறுநாளிலிருந்து ஆகப்போகும் செலவுக்கு மட்டும் ஒரு வரியும் இல்லை. நீங்கள் கேட்ட மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காத இதிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது.

பல ஆண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒரு முயற்சியில் நானும் இருந்தேன். கட்டடத்துக்குப் பணம் கேட்டபோது சிரமமே இருக்கவில்லை. கதவு, சுவர், பெயர்ப்பலகை என்று கண்ணால் பார்க்கக்கூடியவற்றுக்குக் கொடுக்க மனிதர்களுக்கு மனம் எளிதில் வந்துவிடுகிறது. பதினான்காவது மாதம் மின்கட்டணம் கட்டக் கையில் பணம் இல்லை. கடைசியாக நான் அங்கே போனபோது ஆளுயரக் குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்து பார்த்தேன். உள்ளே கணக்கு நோட்டுகள் அடுக்கியிருந்தன. எலி கடிக்காமல் இருக்கட்டும் என்று யாரோ அதற்குள் வைத்திருந்தார்கள். மேல்தட்டில் இருந்தது, முதல் மாதம் உணவு வாங்க வந்த குடும்பங்களின் பதிவேடு. அந்தக் குடும்பங்களிடம் "இனிமேல் வர வேண்டாம்" என்று சொல்ல நேர்ந்தவர்களில் நானும் ஒருத்தி. தொடங்காமலே இருந்திருந்தால் அவர்கள் நம்பி ஏமாந்திருக்க மாட்டார்கள். அதனால்தான் உங்களிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உணவு வங்கிக்கு உணவு பெரும்பாலும் இலவசமாகவே வந்துவிடும். உலகத்தில் வீணாகும் உணவுக்குக் குறைவே இல்லை. வீடுகள், உணவகங்கள், கடைகள் ஆகியவற்றில் 2022இல் வீணான உணவு ஏறத்தாழ 105 கோடி டன் என்று ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டிருக்கிறது. ஆனால் அப்படி மிஞ்சும் உணவை எடுத்துவருவதும், எடை போடுவதும், கெட்டதைப் பிரித்து எறிவதும், நல்லதைக் குளிரில் வைப்பதும், உரிய நாளுக்குள் உரியவர் கையில் சேர்ப்பதும் இலவசம் அல்ல. சமைத்த உணவை அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக் கூடாது. குளிர வைப்பதை 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழேயும், சூடாக வைப்பதை 60 டிகிரிக்கு மேலேயும் வைத்திருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இந்த ஒரு விதியைக் கடைப்பிடிக்கவே வண்டி, எரிபொருள், மின்சாரம், வெப்பமானி, மின்தடை வந்தால் மாற்று ஏற்பாடு எல்லாம் வேண்டும். உணவு தரப்போகும் கடைக்காரரும் உணவக உரிமையாளரும் உங்களிடம் முதலில் கேட்கப்போவது இதைத்தான். அவர்கள் கொடுத்ததைச் சாப்பிட்டு ஒரு குழந்தைக்கு உடம்புக்கு ஆகாமல் போய்விட்டால் என்ற பயம் அவர்களுக்கு இருக்கும், இருக்கவும் வேண்டும். தினமும் காலையிலும் மாலையிலும் பெட்டியின் வெப்பநிலையைக் குறித்துவைத்த ஒரு தாள் உங்கள் சுவரில் தொங்கினால் பாதிப் பயம் போய்விடும்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஒருவருக்காவது சம்பளம். எட்டுத் தொண்டர்களும் நல்லவர்கள்தாம். ஆனால் ஒருவர் வீட்டில் காய்ச்சல், இன்னொருவருக்கு வெளியூர்ப் பயணம் என்று வரும் வாரத்தில் சாவியை எடுத்துக் கதவைத் திறக்க ஓர் ஆள் வேண்டும். சம்பளத்துக்கு நன்கொடை கேட்பது ஏதோ தவறு என்பது போல நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. பசியோடு வருபவர் முன்னால் கதவு பூட்டியிருக்கக் கூடாது என்பதற்காகக் கொடுக்கும் கூலி அது.

இப்படிச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அமெரிக்காவின் சுதந்திரதேவி சிலை நினைவுக்கு வரும். சிலையைப் பிரான்சு மக்கள் அன்பளிப்பாகக் கொடுத்தார்கள். அதை நிறுத்திவைக்கும் பீடத்தைக் கட்டுவது அமெரிக்கர்களின் பொறுப்பு. பீடத்துக்குப் பணம் போதவில்லை, வேலை தடைப்பட்டது. அன்பளிப்பு தயார், அதை வைக்க இடம்தான் இல்லை! 1885இல் ஜோசப் புலிட்சர் தன் செய்தித்தாளில் ஒரு வேண்டுகோள் விடுத்தார். எவ்வளவு சிறிய தொகை கொடுத்தாலும் கொடுத்தவரின் பெயர் தாளில் அச்சாகும் என்றார். ஐந்தே மாதங்களில் ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. கொடுத்தவர்கள் லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களில் பெரும்பாலோர் கொடுத்தது ஒரு டாலருக்கும் குறைவு. உங்களுக்கு வரப்போகும் உணவு அந்தச் சிலையைப் போன்றது. நீங்கள் திரட்ட வேண்டியது பீடத்துக்கான பணம். அதைப் பலரிடமிருந்து சிறிது சிறிதாகத் திரட்ட முடியும்.

ஆகவே செலவுத் திட்டத்தை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு முறை மட்டும் ஆகும் செலவு ஒரு தாளில், மாதாமாதம் ஆகும் செலவு மற்றொரு தாளில். இரண்டாவது தாளில் வரும் தொகையை, இரண்டு ஆண்டுகளுக்காக, 24ஆல் பெருக்குங்கள். இரண்டுக்கும் சேர்த்து வரும் தொகைதான் உங்கள் உண்மையான இலக்கு. பார்த்தவுடன் மலைப்பாக இருக்கும். முதல் தாளை வெட்டுங்கள். வண்ணப்பூச்சு காத்திருக்கலாம், விழா வேண்டவே வேண்டாம். கிடங்கு முழுவதையும் எடுக்காமல் ஒரு பகுதியை மட்டும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். வாரத்தில் இரண்டு நாட்கள் மட்டும் திறப்பதில் எந்தக் குறைவும் இல்லை. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 28 பேர் ஆளுக்கு ஒரு பவுண்டு போட்டுத் தொடங்கிய கூட்டுறவுக் கடையில் முதல் நாள் விற்பனைக்கு இருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில பொருட்கள்தாம். கடை திறந்ததும் வாரத்தில் சில மாலைகளில் மட்டும். இன்று உலகெங்கும் இருக்கும் கூட்டுறவு இயக்கம் தன் பிறந்தகமாக அந்தக் கடையைத்தான் கொண்டாடுகிறது.

மாதச் செலவை, உங்களிடம் வரக்கூடிய குடும்பங்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதம் உணவு சேர்க்க எவ்வளவு ஆகிறது என்பது தெரிந்துவிடும். அதுதான் நீங்கள் கேட்க வேண்டிய தொகை. "எங்கள் நற்பணிக்குத் தங்களால் இயன்றதைத் தந்து உதவுங்கள்" என்று உங்கள் துண்டறிக்கையில் அச்சிட்டிருக்கிறீர்கள். ‘இயன்றது’ என்று கேட்டால் எதிரில் இருப்பவர் எவ்வளவு கொடுப்பதென்று தெரியாமல் சங்கடப்படுவார், சில்லறையைக் கொடுத்து அனுப்பிவிடுவார். "ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதம் உணவு போய்ச் சேர இவ்வளவு செலவாகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு குடும்பத்தை நீங்கள் ஏற்றுக்கொள்ள முடியுமா? முழுதும் முடியாவிட்டால் பாதி?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் மனத்துக்குள் கணக்குப் போடத் தொடங்குவார். மாதம் தவறாமல் சிறு தொகை தரும் நூறு பேர், ஒரே முறை பெருந்தொகை தரும் ஒருவரைவிட உங்களைக் கவலையில்லாமல் தூங்க வைப்பார்கள்.

ஆனால் கேட்கப் போகும் முன் அமைப்பைப் பதிவு செய்துவிடுங்கள். தனி வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாடு, வரிசை எண் போட்ட ரசீதுப் புத்தகம் மூன்றும் இல்லாமல் யாரிடமும் ஒரு காசு வாங்காதீர்கள். நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டா, அதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை ஒரு கணக்குத் தணிக்கையாளரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மாதாமாதம் வரவு செலவை ஒரே பக்கத்தில் எழுதி, நன்கொடை கொடுத்தவர்கள் எல்லோருக்கும் அனுப்புங்கள். கெட்டுப்போய் எறிந்த உணவின் எடையையும் அதில் மறைக்காமல் எழுதுங்கள்.

இனி அந்தச் செல்வந்தர். தந்தையின் பெயர் நிலைக்க வேண்டும் என்று ஒரு மகன் ஆசைப்படுவதில் பழுதில்லை. கட்டடத்துக்கு அந்தப் பெயரை வைக்கலாம். குழுவில் ஆள் என்பதற்கு மட்டும் இணங்காதீர்கள். யாருக்கு உணவு என்ற முடிவு பணம் கொடுத்தவர் கைக்குப் போனால், நாளை "அவன் என் வீட்டு வாசலில் சண்டை போட்டவன், அவனுக்கு வேண்டாம்" என்று ஒரு சொல் வரும். அப்போது மறுக்கும் நிலையில் நீங்கள் இருக்க மாட்டீர்கள். நேரில் போய் மரியாதையாகச் சொல்லுங்கள்: "ஐயா, பெயர் உங்கள் விருப்பப்படியே. யாருக்குக் கொடுப்பது என்ற விதியை எழுதி எல்லோரும் பார்க்கும்படி ஒட்டப்போகிறோம். அந்த விதியை மீற எங்களுக்கே அதிகாரம் கிடையாது." கூடவே, கட்டடத்துக்குத் தரும் தொகையில் ஒரு பகுதியை இரண்டு ஆண்டு மின்கட்டணத்துக்கும் வாடகைக்கும் மாற்றித் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். அவர் தந்தையின் பெயர் தாங்கிய கட்டடம் இருட்டிக் கிடப்பதை அவரும் விரும்ப மாட்டார். எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். அவர் மறுத்துவிட்டால் வருத்தம்தான். ஆனாலும் அந்த நிபந்தனையோடு வரும் பணத்தை வாங்காதீர்கள்.

படம் விஷயத்தில் எனக்கு இரண்டு மனம் இல்லை. போடாதீர்கள். கையில் பையோடு நிற்கும் ஒரு தாயின் முகத்தை அவளுடைய மகன் வகுப்பில் யாராவது பார்த்துவிட்டால், மறு வாரம் அவள் வர மாட்டாள். பட்டினி கிடந்தாலும் வர மாட்டாள். சம்மதம் கேட்டுத்தானே எடுக்கிறோம் என்பார் உங்கள் நண்பர். உணவுப் பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும்போது ‘முடியாது’ என்று எந்தத் தாயால் சொல்ல முடியும்? அடுக்கிய அலமாரியைப் படம் எடுங்கள், வெப்பநிலை எழுதிய தாளை எடுங்கள், மூட்டை தூக்கும் தொண்டர்களை எடுங்கள்.

உணவு வாங்க வருபவர்களைப் பரிதாபத்துக்கு உரியவர்களாக மட்டும் பார்க்கிறோம் என்பதுதான் இதற்கெல்லாம் வேர். உலகின் முதல் உணவு வங்கி 1967இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் ஜான் வான் ஹெங்கல் என்பவரால் தொடங்கப்பட்டது. அந்த எண்ணத்தை அவருக்குக் கொடுத்தவர், கடைகள் வெளியே எறிந்த உணவைப் பொறுக்கித் தன் பிள்ளைகளை வளர்த்துவந்த ஒரு பெண். பணத்தைப் போட்டு எடுக்க வங்கி இருப்பதைப் போல, எறியப்படும் உணவைப் போட்டு எடுக்கவும் ஓர் இடம் இருந்தால் என்ன என்று அந்தப் பெண்தான் கேட்டார். உங்கள் எட்டுப் பேரில் அப்படி ஒருவர் இருக்கிறாரா? இல்லையென்றால் இரண்டு பேரைச் சேர்த்துப் பத்தாக்குங்கள். எந்த நேரத்தில் திறந்தால் வேலைக்குப் போகிறவர்கள் வர முடியும், எந்த வாசல் வழியாக வந்தால் கூச்சம் இருக்காது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். நீங்கள் ஆசைப்படும் பொது இடத்தின் அருமையும் இதில்தான் இருக்கிறது. படிக்க வருபவரும், பேச வருபவரும், உணவு வாங்க வருபவரும் ஒரே கதவு வழியாக நுழைந்தால் யார் எதற்கு வந்தார் என்று யாருக்கும் தெரியாது. கிடங்கைச் சீரமைக்கும்போது தனி வாசல் வைக்காதீர்கள்.

நாக்கு எழவில்லை என்கிறீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. நமக்காகக் கேட்கிறோம் என்று எதிரில் இருப்பவர் நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம் அது. நீங்கள் எட்டுப் பேரும் முதலில் கொடுங்கள். தொகை சிறிதாக இருக்கட்டும், மாதாமாதம் கொடுங்கள். முதல் எட்டு ரசீதுகளும் உங்கள் பெயரில் இருக்கட்டும். புத்தகத்தைத் திறந்து அந்த எட்டு அடிக்கட்டைகளைக் காட்டிவிட்டு ஒன்பதாவதைக் கேட்கும்போது குரல் தடுமாறாது. துண்டறிக்கை கொடுப்பதை நிறுத்திவிட்டு, ஒரு நாளைக்கு இரண்டு வீடு என்று நேரில் போங்கள். தனியாகப் போகாமல் இருவராகப் போங்கள். தொகையைச் சொன்ன பிறகு பேசாமல் இருங்கள். அந்த மௌனம் தாங்க முடியாததாக இருக்கும், "இல்லையென்றால் பரவாயில்லை" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். அவர் யோசிக்கட்டும்.

யாரிடமிருந்து தொடங்குவது என்றால், நான்கு மாதங்களில் கொடுத்தவர்களின் பட்டியலை எடுங்கள். அந்தக் கால் பங்கைத் தந்தவர்களுக்கு இதுவரை கணக்கு அனுப்பியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். இந்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் போய்க் கணக்கைக் கொடுத்துவிட்டு, வேறு எதுவும் கேட்காமல் திரும்பி வாருங்கள். புதிய செலவுத் திட்டத்தை அடுத்த மாதம் எடுத்துக்கொண்டு போகலாம். போகும் முன் எனக்கும் ஒரு படி அனுப்புங்கள். மின்கட்டண வரி அதில் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன்.