பால் இறங்காத மாட்டுக்கு ஊசி அளவைக் கூட்டலாமா?

கேள்வி: ஜெர்சி கலப்பின மாடுங்க, ரெண்டாம் ஈத்து. கன்னு போட்டு அஞ்சு மாசம் ஆகுது. கன்னுக்குட்டி பன்னெண்டாம் நாள் கழிச்சல் கண்டு செத்துப்போச்சு. அதுலேர்ந்து மாடு பாலை அடக்குது, சொரப்பு விட மாட்டேங்குது. தீவனக் கடைக்காரர் ஒரு ஊசி மருந்து குடுத்தார். முதல்ல 1 மில்லி போட்டாலே இறங்குச்சு. அப்புறம் 2 ஆச்சு. இப்ப வேளைக்கு 3 மில்லி போட்டும் காலையில 5, சாயங்காலம் 3 லிட்டர்தான். முன்னாடி ரெண்டு வேளையும் சேர்த்து 11 லிட்டர் கறந்த மாடு. 5 மில்லியா கூட்டலாமா, இல்ல வேற கம்பெனி மருந்து வாங்கணுமா? பருவமும் சரியில்ல. பத்து நாளைக்கு ஒருதரம் கத்துது. மூணு தடவ சினை ஊசி போட்டும் நிக்கல. ரொம்பக் கவலையா இருக்குங்க.
– செங்கம் வட்டத்திலிருந்து ஒரு விவசாயி

பதில்: கூட்டாதீர்கள். வேறு கம்பெனியும் வேண்டாம். நீங்கள் வைத்திருப்பது லேபிள் இல்லாத பிளாஸ்டிக் பாட்டிலாக இருந்தால் அதற்குக் கம்பெனி என்று ஒன்றே கிடையாது. பாலைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டுப் பருவத்தைக் கடைசியில் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. மூன்று லிட்டர் குறைவதை இந்த ஈத்தோடு தாங்கிக்கொள்ளலாம். மாடு சினை நிற்காவிட்டால் அடுத்த ஈத்தே போய்விடும். இரண்டுக்கும் பின்னால் அதே பாட்டில் இருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன்.

அந்த மருந்து ஆக்சிடோசின். மாட்டின் உடம்பிலேயே இருக்கும் சரக்குதான். மூளையின் அடியில் ஹைப்போதலாமஸில் தயாராகி, அதற்குக் கீழே தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியின் பின்மடலில் சேமிப்பில் இருக்கும். காம்பில் கை பட்டதும் நரம்பு வழியாகத் தகவல் மேலே போகிறது, ஆக்சிடோசின் ரத்தத்தில் இறங்குகிறது, ஒன்றிரண்டு நிமிடத்தில் மடிக்கு வந்து பால் நுண்ணறைகளைச் சுற்றியுள்ள தசையை இறுக்குகிறது. இதைத்தான் நாம் சொரப்பு என்கிறோம். பசுவின் மடியில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு பால்தான் காம்புக்கு மேலுள்ள தேக்கத்தில் நிற்கும். மற்ற நான்கு பங்கும் சொரப்பு வந்தால்தான் இறங்கும். எருமையில் தேக்கத்தில் நிற்பது நூற்றுக்கு ஐந்தளவே. அதனால்தான் எருமைக்காரர்கள் இந்த ஊசிக்குச் சீக்கிரம் அடிமையாகிறார்கள்.

கடைக்காரர் சொல்லாத ஒன்று: ஆக்சிடோசின் பாலை உண்டாக்காது, இருக்கும் பாலைத் தள்ளிவிட மட்டும் செய்யும். பால் உற்பத்தியைக் கவனிப்பவை பிட்யூட்டரியின் முன்மடலிலிருந்து வரும் புரோலாக்டினும் வளர்ச்சி ஹார்மோனும். பாலுக்கு மூலப்பொருள் தீவனம்தான். ஊசி போட்ட முதல் வாரம் அரை லிட்டர், ஒரு லிட்டர் கூடத் தெரிவது உண்மை. நன்றாகக் கறந்த மடியிலும் நூற்றுக்கு 10 முதல் 20 பங்கு பால் மிச்சம் நிற்கும், ஊசி அதையும் பிழிந்துவிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு ‘பால் கூடும் ஊசி’ என்று பெயர் வைத்து விற்கிறார்கள்.

அளவு 1-லிருந்து 3 ஆனதற்குக் காரணம் இரண்டு. தினமும் வெளியிலிருந்து வேண்டிய அளவுக்கு மேல் ஏற்றினால் மடித்தசை மந்தப்பட்டுப் போகிறது. தன் உடம்பில் ஊறும் சிறு அளவுக்கு அது அசைவதில்லை. மற்றது மருந்தின் தரம். லேபிள் உள்ள ஆம்பூலில் மில்லிக்கு 5 யூனிட் என்று அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் குளிர்பெட்டியில் வைக்க வேண்டிய மருந்து. தகரக் கூரைக் கடையில் சித்திரை வெயிலில் கிடந்த பாட்டிலில் எத்தனை யூனிட் மிச்சம் என்று விற்பவருக்கும் தெரியாது. அடுத்த பாட்டில் இதைவிட மூன்று மடங்கு வீரியமாகவும் இருக்கலாம்.

இரண்டு வதந்திகளையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். ஊசி போட்ட மாட்டின் பாலைக் குடித்தால் குழந்தைகளுக்கு அது வரும் இது வரும் என்று கைப்பேசியில் சுற்றுவதை வைத்துப் பயப்பட வேண்டாம். ஆக்சிடோசின் ஒன்பது அமினோ அமிலம் கோத்த சின்னப் புரதத்துண்டு, குடலில் செரித்துவிடும். கெடுதல் மாட்டுக்குத்தான். அடுத்தது, இந்த மருந்து ‘தடை செய்யப்பட்டது’ என்பதும் சரியல்ல. 2018 ஏப்ரலில் தனியார் தயாரிப்பை நிறுத்த மத்திய அரசு போட்ட ஆணையை அந்த டிசம்பரிலேயே டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து இது. பாலுக்காக மாட்டின் உடல்நலம் கெடும்படி எந்த ஊசி போட்டாலும் 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 12-ஆம் பிரிவின்படி இரண்டு வருடம் வரை சிறை உண்டு, மாட்டையும் அரசு எடுத்துக்கொள்ளலாம். பிடிபடும்போது கடைக்காரர் உங்கள் பக்கம் நிற்கமாட்டார்.

இனி, மாடு ஏன் பாலை அடக்குகிறது? கன்று இல்லாததால் என்று எல்லோரும் சொல்வார்கள். காங்கேயம், உம்பளாச்சேரி போன்ற நாட்டு மாடுகளுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். ஜெர்சி கலப்பினம் கன்றில்லாமலே சொரப்பு விடக்கூடியது. உங்கள் மாடு கன்று ஊட்டிப் பழகிவிட்டது. கன்று போன பிறகு அந்த இடத்தில் நீங்கள் வேறு பழக்கம் எதையும் வைக்கவில்லை, ஊசியை வைத்தீர்கள். வலியோடு வரும் பழக்கம் அது.

வலியும் பயமும் சொரப்பை என்ன செய்யும் என்பது பழைய விஷயம். 1941-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஈலி, பீட்டர்சன் என்ற இருவர் கறவை மாட்டின் முதுகில் பூனையை ஏற்றிவிட்டு, காகிதப் பையைப் பட் பட்டென்று வெடித்துப் பார்த்தார்கள். பால் நின்றுபோனது. மடியின் ஒரு பாதிக்குப் போகும் நரம்பை வெட்டியிருந்தும் சொரப்பு இரு பாதிக்கும் சேர்ந்தே வந்தது, பயந்தபோது சேர்ந்தே நின்றது. அதிலிருந்துதான் இது மடியில் நடக்கும் வேலை அல்ல, தலையிலிருந்து ரத்தத்தில் வரும் உத்தரவு என்று தெளிவானது. பயந்த மாட்டில் ஆக்சிடோசின் வெளிவருவதே தடைப்படும். வந்தாலும், அட்ரினலின் மடிக்குப் போகும் ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும். ஒரு அதட்டலுக்கு அரைமணி நேரம்கூட இந்தத் தடை நீடிக்கலாம்.

ஆகவே நான் எப்போதும் அடம்பிடிக்கும் விஷயத்துக்கு வருகிறேன்: கறப்பதற்கு முன்னால் ஒரு முழு நிமிடம். நம் ஊரில் மடியில் நாலு கை தண்ணீரை அடித்துவிட்டு உடனே கறக்க உட்காருகிறோம். குளிர்ந்த நீர், பத்து விநாடி, அவ்வளவுதான். மாடு சொரப்பு விடவில்லை என்று புகார் எழுதுபவர்களில் பலர் மாட்டுக்கு அதற்கான நேரத்தையே கொடுத்திருப்பதில்லை. செய்ய வேண்டியது இது. கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர், சுத்தமான பருத்தித் துணி. நாலு காம்பையும் மடியின் அடிப்பகுதியையும் அழுத்தித் துடைத்து, கன்று முட்டுவது போல உள்ளங்கையால் மேல்நோக்கி மெல்லத் தள்ளுங்கள். ஒவ்வொரு காம்பிலும் மூன்று நான்கு பீச்சு எடுத்துக் கறுப்புத் துணி கட்டிய கிண்ணத்தில் விட்டுத் திரி, அதாவது திரண்ட பால் துணுக்கு, இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பாலைப் பாத்திரத்தில் சேர்க்க வேண்டாம். பிறகு ஈரமில்லாமல் துடையுங்கள். இதற்கெல்லாம் சேர்த்து 60 விநாடி ஆகும். உங்கள் மாடு பழுதுபட்ட மாடு, ஆகவே இரண்டு மூன்று நிமிடம் கொடுங்கள். காம்பு தடித்து விறைப்பதைக் கை உணரும். அப்போது உட்காருங்கள்.

உட்கார்ந்தால் எழக்கூடாது. ரத்தத்தில் வந்த ஆக்சிடோசின் சில நிமிடத்தில் கரைந்துவிடும். ஆறேழு நிமிடத்துக்குள் கறந்து முடிக்க வேண்டும். மடியைத் தடவிவிட்டுப் பக்கத்து மாட்டுக்குப் போய், சொசைட்டி வண்டி வந்ததென்று கேனைத் தூக்கிக்கொண்டு ஓடி, திரும்பி வந்து கறந்தால் மிச்சப் பால் மடியிலேயே நிற்கும். அப்படி நிற்கும் பால் உற்பத்தியையும் குறைக்கும், மடிநோய்க்கும் இடம் கொடுக்கும்.

கட்டை விரலை மடித்து வைத்து அதன் கணுவால் காம்பை நசுக்கிக் கறப்பவராக இருந்தால் இன்றோடு விடுங்கள். காம்பின் உள்தோல் புண்பட்டு மாடு உதைக்கும், உதைத்தால் அடிப்பீர்கள், அடித்தால் சொரப்பு நிற்கும். முழுக் கையால் காம்பைப் பிடித்து மேல்விரலிலிருந்து கீழாக ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். எச்சில், பால் நுரை எதையும் காம்பில் தடவாதீர்கள். அடர்தீவனத்தை முன்னாடியே வைத்து முடித்துவிடாமல் கறக்கும்போது வையுங்கள். தின்றுகொண்டே கறக்கப்படும் மாட்டுக்கு ஆக்சிடோசின் கூடுதலாகவே ஊறும். நேரமும் ஆளும் மாறக்கூடாது. இதற்கெல்லாம் மூன்று வாரம் பொறுமை வேண்டும். பொறுமைக்கு மாற்றாகத்தான் அந்தப் பாட்டில் விற்பனையாகிறது.

ஊசியை ஒரே நாளில் நிறுத்தினால் மடி கட்டிக்கொள்ளும். படிப்படியாக இறக்க வேண்டும். முதலில் கால்நடை மருத்துவரிடம் சீட்டு வாங்கி, மில்லிக்கு 5 யூனிட் என்று லேபிள் உள்ள மருந்துக்கு மாறுங்கள். தொடக்க அளவை அவர் மாட்டைப் பார்த்துச் சொல்லட்டும். பொதுவாக 10 யூனிட், அதாவது 2 மில்லி போதும். நாலு நாள் 2 மில்லி, அடுத்த நாலு நாள் ஒன்றரை, பிறகு 1, பிறகு அரை என்று நாலு நாளுக்கு ஒரு படி குறையுங்கள். அதன் பிறகு நாலு நாள் வெறும் உப்புநீர் ஊசி 1 மில்லி. கேலி இல்லை. உங்கள் மாடு இப்போது ஊசிக் குத்துக்கே பழகியிருக்கும், அந்தக் குத்தையும் மறக்க வைக்க வேண்டும். ஒவ்வொரு வேளையும் முதலில் மூன்று நிமிடம் மடியைத் தடவிப் பாருங்கள். சொரப்பு வந்துவிட்டால் அந்த வேளை ஊசியே வேண்டாம். இடையில் ஒன்றிரண்டு லிட்டர் குறையும். பதறி ஒரு வேளை பழைய அளவுக்குப் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பால் நரம்பில் குத்தும் வழக்கம் இருந்தால் உடனே நிறுத்துங்கள். அங்கே ரத்தம் கட்டும், சீழ் வைக்கும். ஒரே ஊசியை மாடு மாடாக மாற்றிப் போடுவது அனாபிளாஸ்மா போன்ற ரத்த நோயைக் கொட்டகை முழுக்கப் பரப்பும் வழி.

இந்த நாட்களில் ஒருமுறை மடியையும் சோதித்துவிடுங்கள். அரை லிட்டர் தண்ணீரில் 15 கிராம் துணி சோப்புத்தூளைக் கரைத்து, ஒவ்வொரு காம்பின் பாலையும் தனித்தனிக் கிண்ணத்தில் எடுத்து, சம அளவு கரைசல் சேர்த்துச் சுழற்றுங்கள். கொழகொழவென்று திரண்டால் அந்தக் காம்பில் மறைமுக மடிநோய் இருக்கிறது. பால் குறைந்ததில் அதற்கும் பங்கிருக்கலாம், அதை எந்தச் சொரப்பு ஊசியும் சரிசெய்யாது.

இப்போது பருவம். ஆக்சிடோசின் மடியோடு நிற்காது, கருப்பையையும் சுருக்கும். பருவம் முடிந்த முதல் வாரத்தில் மாட்டுக்கு அதிக அளவில் தினமும் கொடுத்தால், சினைப்பையில் புதிதாக உருவாகும் மஞ்சள் மேனி வளராமல் அழிந்து, 21 நாள் சுற்று 8 முதல் 12 நாளாகச் சுருங்கும். இது 1959-லேயே மாடுகளில் செய்து காட்டப்பட்டது. மஞ்சள் மேனி இல்லையென்றால் அதில் ஊறி கருவைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் இல்லை, கரு தங்காது. கன்று ஈன்ற பின் வரும் முதல் பருவத்துக்கு அடுத்த சுற்று குறுகலாக வருவது இயல்புதான். உங்கள் மாடு ஐந்து மாதம் தாண்டியும் பத்து நாளைக்கு ஒருமுறை கத்துகிறது. மூன்று முறையும் இடைவெளியைக் கேட்காமல் சினை ஊசி போட்டவர் உறைவிந்துக் குச்சியை வீணாக்கியிருக்கிறார், உங்கள் பணத்தையும்தான்.

இன்னொரு சாத்தியம் சினைப்பை நீர்க்கட்டி. அதிலும் மாடு அடிக்கடி கத்தும். கையை விட்டுப் பரிசோதித்தால்தான் தெரியும். இருந்தால் அதற்கு வைத்தியம் ஹைப்போதலாமஸ் ஹார்மோனின் நகலான புசெரலின் போன்ற மருந்து, வழக்கமாக 5 மில்லி. அது பிட்யூட்டரி முன்மடலைத் தட்டி, சினைமுட்டையை வெளிவரச் செய்யும் எல்.ஹெச். ஹார்மோனை ஒரேயடியாக வெளியிடச் செய்யும். இதுவும் ஹார்மோன் ஊசிதான். ஆனால் நோயைக் கண்டுபிடித்து ஒருமுறை போடுவதும் வேளைக்கு வேளை குத்துவதும் வேறு வேறு. கடையில் ‘பருவ மாத்திரை’ கொடுத்தால் வாங்காதீர்கள்.

மாடு மெலிந்து விலா எலும்பு தெரிந்தால் மூளையே எல்.ஹெச். துடிப்பைக் குறைத்துவிடும், எந்த மருந்தும் எடுபடாது. பசுந்தீவனம் போக, உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ என்று அடர்தீவனமும், நாளுக்கு 50 கிராம் தாது உப்புக் கலவையும் போகிறதா என்று பாருங்கள்.

ஊசி குறைக்கும் நாட்களில் மாடு கத்தினாலும் சினைக்குப் போடாதீர்கள். முழுதாக நிறுத்திய பிறகு வரும் முதல் பருவத்தையும் விட்டுவிட்டுத் தேதி குறியுங்கள். அடுத்தது 18 முதல் 24 நாளில் வந்தால் சுற்று சரியாகிவிட்டது. காலையில் கத்தினால் அன்று மாலை, மாலையில் கத்தினால் மறுநாள் காலை போடுங்கள். 60 நாளுக்குப் பிறகு மருத்துவரை அழைத்துச் சினை பாருங்கள். நின்றிருந்தால், ஈன்ற கன்றுக்கு முதல் இரண்டு மணி நேரத்துக்குள் 2 லிட்டர் சீம்பாலைக் கறந்து புட்டியில் கொடுத்து, தொப்புளில் டிங்சர் அயோடின் தடவி, அன்றே தாயிடமிருந்து பிரித்து வளர்க்க இப்போதே இடம் ஒதுக்கிவையுங்கள்.