ஏணி வைத்த கருப்பு விமானம்: நூர் போனது இதில்தானா?

கேள்வி: திப்பு சுல்தான் வழிவந்த நூர் இனாயத் கான், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ரகசிய ஏஜெண்டாக பிரான்சுக்குள் போனவர். அவரைப் பற்றிப் பள்ளி மலருக்கு எழுதுகிறேன். பக்கவாட்டில் ஏணி வைத்த கருப்பு விமானத்தின் படம் ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. ‘நூர் சென்ற விமானம்’ என்று அடியில் எழுதியிருக்கிறது. அப்படியே போடலாமா?

பதில்: படத்தைப் போடுங்கள். அந்த வரி வேண்டாம்.

நீங்கள் அனுப்பியிருப்பது வெஸ்ட்லேண்ட் லைசாண்டர். விமானி தலைக்கு மேலே இறக்கை, ஒற்றை இன்ஜின், உள்ளே மடங்காத சக்கரங்கள், அவற்றின் மேல் பெரிய உறை என்று பார்த்ததுமே சொல்லிவிடலாம். தரைப்படைக்குத் துணையாக வேவு பார்க்கக் கட்டப்பட்ட விமானம் இது. சாதாரண லைசாண்டரில் இந்த ஏணி இருக்காது. எதிரி நாட்டுக்குள் ஆள் இறக்கும் வேலைக்கு மாற்றியபோதுதான் இடது பக்கத்தில் ஏணியைப் பொருத்தினார்கள். துப்பாக்கிகளைக் கழற்றிவிட்டு, வயிற்றுக்கு அடியில் 150 கேலன் கூடுதல் எரிபொருள் டாங்க் ஒன்றைத் தொங்கவிட்டார்கள். நிலா வெளிச்சத்தில், மூன்று டார்ச் விளக்குகளை நம்பி யாரோ ஒருவருடைய வயலில் இறங்க வேண்டும். வந்தவர்கள் இறங்கி, போகிறவர்கள் ஏறி, சில நிமிடங்களில் கிளம்பியும் ஆக வேண்டும். கையில் பெட்டியோடு இருட்டில் கால் வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தால் கதை முடிந்தது. அதற்குத்தான் ஏணி. ஆக, ஏணியும் டாங்கும் சேர்ந்து தெரிந்தால் வகை உறுதி.

கருப்புப் பெயிண்டை மட்டும் ரொம்ப நம்பாதீர்கள். முழுக் கருப்பு விமானம் நிலவொளியில் மேகங்களுக்கு மேலே போகும்போது, மேலிருந்து பார்க்கும் எதிரிக்கு எடுப்பாகத் தெரிந்தது. அதனால் மேல்பக்கத்துக்குப் பச்சையும் சாம்பலும் அடித்து, அடிப்பக்கத்தை மட்டும் கருப்பாக விட்டார்கள். உங்கள் படம் பளிச்சென்று கலரில் இருப்பதைப் பார்த்தால், போருக்குப் பிறகு புதுப்பித்து, பழைய கருப்பில் மறுபடி வண்ணம் பூசிய காட்சி விமானமாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

சரி, வகை தெரிந்துவிட்டது. நூர் போனது இந்த ஒரு விமானம்தானா? இங்கேதான் சிக்கல். 1943 ஜூன் 16 நள்ளிரவை ஒட்டி பிரான்சின் ஆஞ்ஜே நகருக்குப் பக்கத்தில் இறங்கியவை இரண்டு லைசாண்டர்கள். இரண்டும் பிரிட்டிஷ் விமானப்படையின் 161ஆம் ஸ்குவாட்ரனை (விமானப் பிரிவை) சேர்ந்தவை. நூரோடு டயானா ரோடன், செசிலி லெஃபோர்ட், சார்லஸ் ஸ்கெப்பர் ஆகிய ஏஜெண்டுகளும் அன்று போனார்கள். உடற்பகுதியில் பெரிதாகத் தெரியும் ‘எம்ஏ’ அந்த ஸ்குவாட்ரனின் குறியீடு. அதை அடுத்து வரும் ஒற்றை எழுத்தை வைத்து விமானத்தை முடிவு செய்யாதீர்கள். ஒரு விமானம் விழுந்தால் அதே எழுத்து அடுத்ததற்குப் போய்விடும். வால் பக்கம் சின்னதாக எழுதியிருக்கும் வரிசை எண்தான் மாறாதது. அதையும் அப்படியே நம்ப முடியாது, காட்சி விமானங்களுக்கு வேறொரு விமானத்தின் எண்ணை எழுதுவது உண்டு. லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், ‘ஏர் 27’ வரிசையில் ஸ்குவாட்ரன்களின் அன்றாடப் பதிவேடுகள் இருக்கின்றன. அந்த இரவின் பதிவையும் விமானிகளின் லாக் புத்தகங்களையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் ‘இதுதான் அது’ என்று சொல்ல முடியாது.

அப்புறம், நூர் பாராசூட்டில் குதித்தார் என்று எழுதிவிடாதீர்கள். பலர் செய்யும் தவறு அது. அவர் தரையிறங்கிய விமானத்திலிருந்து இறங்கினார். குதித்தவர்கள் பெரும்பாலும் விட்லி, ஹாலிஃபாக்ஸ் போன்ற குண்டுவீச்சு விமானங்களில், விமானத்தின் அடித்தளத்தில் வெட்டிய ஓட்டை வழியாகப் போனார்கள். இரண்டு இன்ஜினும் இரட்டை வாலும் தெரிந்தால் அது ஹட்சன். லைசாண்டரைப் போலவே இறங்கி ஏறும், ஆனால் கூட்டமாக ஆட்களை ஏற்றும்.

இப்படிப்பட்ட வேலைக்கு நம் சென்னைப் பக்கம் செங்குன்றம் ஏரியிலிருந்தும் கேட்டலினா கடல்விமானங்கள் கிளம்பியிருக்கின்றன. அடுத்த மலருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

படத்தின் அடியில் இப்படிப் போடுங்கள்: ‘வெஸ்ட்லேண்ட் லைசாண்டர் - நூர் இனாயத் கான் பிரான்சுக்குப் பறந்தது இந்த வகை விமானத்தில்.’